இலவசக் கல்வி இருந்தும் கொழும்பில் பிள்ளைகள் ஏன் ஓ.எல். வரை வருவதில்லை?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். ஒன்று, கொழும்பில் பத்து நிமிஷ நடையில் பாடசாலை, படிப்பு இலவசம், புத்தகம் இலவசம், சீருடைத் துணியும் இலவசம், அப்படியிருந்தும் ஏன் இத்தனை தமிழ்ப் பிள்ளைகள் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை எழுதாமல் ஒன்பதாம் பத்தாம் தரத்தில் நின்றுவிடுகிறார்கள்? மலையகத்திலோ வன்னியிலோ என்றால் தூரம் என்று ஒரு காரணம் சொல்லலாம், இங்கே என்ன? இரண்டு, அவருடைய அக்காவின் மகன் மட்டக்குளியில் ஒன்பதாம் தரம், இரண்டு கிழமையாகப் பாடசாலைக்குப் போகவில்லை, புறக்கோட்டையில் போன் திருத்தும் கடை ஒன்றில் நிற்கிறான். அடித்தும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று, இனி என்ன செய்வது?

இரண்டாவதுதான் அவசரம், தெரியும். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொன்னால் பிரயோசனப்படாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கொழும்பு வடக்கில் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் பல வருஷம் கணிதம் படிப்பித்தவன். இப்போது பின்னேரங்களில் இப்படி இடையில் நின்ற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அதனால் நான் சொல்வது கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ், மாளிகாவத்தைப் பக்கத்துக் கதை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வேறு உலகம், அங்கே ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் வீட்டில் நின்றால் பெரும்பாலும் லண்டன் ஓ.எல்.லுக்குக் கிளாஸ் போகிறது என்றுதான் அர்த்தம்.

கொழும்புக்கும் மற்ற இடங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேலை. கிராமத்தில் பதினாலு வயதுப் பையன் பாடசாலையை விட்டால் அடுத்த நாளே காசாகக் கையில் வரும் வேலை லேசில் கிடைக்காது. இங்கே ஐந்துலாம்புச் சந்தியில் இறங்கி நடந்தால் போதும். புறக்கோட்டையில் பேமென்ட் கடை, குறுக்குத் தெருக்களில் மொத்த வியாபாரம், செட்டியார் தெருவில் நகைப் பட்டறை, பஞ்சிகாவத்தையில் பழைய வாகனச் சாமான், கிராண்ட்பாஸில் கராஜ், பேலியகொடைக்குப் போனால் மீன் சந்தையும் மரக்கறிச் சந்தையும். யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. "தம்பி, நாளைக்கு வா" என்றால் முடிந்தது, பின்னேரம் கையில் காசு. அந்தக் காசில் அவன் வீட்டுக்கு ஒரு இறாத்தல் பாணும் தங்கச்சிக்கு ஏதாவதும் வாங்கிக்கொண்டு போகிறான், வீட்டில் முதல் தடவையாக அவனை ஒரு ஆளாக மதிக்கிறார்கள். அதே பையன் வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் மொக்கன் என்று பேர் வாங்கியவன். இந்த இரண்டில் எதைத் தெரிவு செய்வான் என்று கேட்கத் தேவையில்லை.

ஆனால் வேலை இழுக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவன் போவதில்லை. அதே முடுக்கில் இருக்கிற, அதே அளவு கஷ்டப்பட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளை போகாமல் படித்துக்கொண்டிருக்கிறதே. போகிறவனுக்குப் பாடசாலையில் பிடி ஏற்கனவே விட்டுப்போயிருக்கும். அது எங்கே விட்டது என்று பின்னோக்கித் தேடிப் பார்த்தால் நான் பார்த்த அளவில் முக்கால்வாசிப் பேருக்கு ஆறாம் தரத்துக்கும் எட்டாம் தரத்துக்கும் இடையில்தான். ஓ.எல். பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "ஏன் விட்டாய்" என்று நாம் கேட்கிறோம், அவன் மனசால் விட்டு இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை. நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுவார்கள், அதைக் குறை சொல்ல முடியாது, எந்தப் பெற்றோரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் சின்னப் பாடசாலையில் மிச்சம் இருக்கிற வகுப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்து வயதிலேயே "நாங்கள் தெரிவு செய்யப்படாத ஆட்கள்" என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள். அவர்களுக்கு ஆறாம் தரத்தில் திடீரென்று பாடத்துக்கு ஒரு டீச்சர், ஒருவருக்கும் ஒரு பிள்ளையை முழுசாகத் தெரியாது. ஆரம்பப் பிரிவில் ஒரே வகுப்பாசிரியர் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார், முகம் வாடினால் கேட்பார். மேலே வந்ததும் அந்தக் கண் இல்லாமல் போகிறது.

இதில் எழுத வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம்ப மாட்டீர்கள், எட்டாம் தரத்தில் விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பந்தியை எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகளை நான் படிப்பித்திருக்கிறேன். வருஷா வருஷம் வகுப்பேற்றம் தானாக நடக்கும், யாரையும் நிறுத்துவதில்லை. நிறுத்தச் சொல்லவும் மாட்டேன், நிறுத்தினால் இன்னும் சீக்கிரம் போய்விடுவான். ஆனால் ஏற்றிவிட்ட பிறகு அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது யாருடைய வேலை? எட்டாம் தரத்து வரலாற்று ஆசிரியருக்குத் தன் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும். தமிழ் டீச்சருக்கு இலக்கணம் முடிக்க வேண்டும். பின்னம் தெரியாதவனுக்கு நான் சமன்பாடு கற்பித்துக்கொண்டிருப்பேன். அவன் அமைதியாக இருப்பான், அல்லது குழப்படி செய்வான், இரண்டும் ஒன்றுதான். 2020இல் கொரோனாவுக்கு மூடியது, பிறகு 2022இல் எரிபொருள் இல்லாமல் மூடியது, அந்தக் காலத்தில் ஆரம்பப் பிரிவில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது மேலே வந்திருக்கிறார்கள். ஒரு போனில் மூன்று பிள்ளைகள் சூம் பார்த்த வீடுகள் இவை, டேட்டா போட்டால்தானே அதுவும்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் கவனிப்பதில்லை. கடைசி வாங்குப் பிள்ளைகளில் சிலருக்குக் கண் தெரியாது. உண்மையாகவே, கரும்பலகை தெரியாது. கண்ணாடி போட்ட பிறகு ஆளே மாறிய பிள்ளைகள் உண்டு.

சரி, "இலவசம்" என்ற பேச்சுக்கு வருவோம். 1945 முதல் கல்வி இலவசம், 1980 முதல் பாடநூல், 1993 முதல் சீருடை. பெரிய விஷயம்தான், என்னையும் அதுதான் ஆளாக்கியது. ஆனால் பத்தாம் தரத்துப் பிள்ளை ஒன்றின் செலவில் இந்த மூன்றும் சிறு பகுதி. கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசு, வசதிக் கட்டணம், செயற்திட்டத்துக்கு மட்டை, பசை, கலர் பிரின்ட், அப்புறம் ஆசிரியர் தினம், விளையாட்டுப் போட்டிக்கு இல்ல நிறத்தில் ரீசேட். சட்டப்படி காசு கட்டாததற்காக ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது, ஆனால் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி "யார் யார் இன்னும் தரவில்லை" என்று பேர் வாசித்தால் போதும், அடுத்த நாள் அந்தப் பிள்ளை வராது. 2021க்கும் 2022க்கும் இடையில் நகர்ப்புற வறுமை 5 வீதத்திலிருந்து 15 வீதமாக, மூன்று மடங்காக ஏறியது என்று உலக வங்கி கணக்கிட்டது. கிராமத்தில் முருங்கை, பலா என்று எதையாவது வைத்துச் சமாளிக்கலாம், இங்கே கறிவேப்பிலைக்கும் காசு.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு டியூஷன். இதைப் பற்றி யாரும் நேராகப் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். கொழும்பில் ஒன்பதாம் தரத்துக்கு மேல் உண்மையான பாடசாலை டியூஷன் கிளாஸ்தான். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் போகும் பிள்ளைக்கு வகுப்பில் நடப்பது திரும்பப் படிப்பது மாதிரி. போகாத பிள்ளைக்கு அதுதான் முதல் தடவை. ஆசிரியரோ பாதிப் பேருக்குத் தெரியும் என்பதால் வேகமாகப் போய்விடுகிறார், அவர்மேல் முழுப் பிழையையும் போட முடியாது, பாதி வகுப்பு "சேர், இது தெரியும்" என்று கத்தும்போது மற்றப் பாதி வாய் திறக்காது. டியூஷனுக்குக் காசில்லாத பிள்ளை பாடசாலைக்கு வந்தும் படிக்க முடியாமல் போவது இப்படித்தான். தமிழ் மொழிமூலத்தில் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் கிடைக்காமல் பாடவேளைகள் சும்மா போவது இதற்கு மேல்.

அப்புறம் ஓ.எல். வாசல். ஏ.எல்., அதாவது உயர்தரம், படிக்க வேண்டுமென்றால் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி, அதில் குறைந்தது மூன்று திறமைச் சித்தி. 2024ஆம் ஆண்டுக்கான ஓ.எல்.லில் பாடசாலை மூலம் தோற்றியவர்களில் 73.45 வீதமானோர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றார்கள், நாலில் ஒருவருக்கு மேல் வெளியே. கணிதம் தனக்கு வராது என்று எட்டாம் தரத்திலேயே முடிவு கட்டிய பிள்ளை, "எழுதியும் என்ன" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு நம்மிடம் நல்ல பதில் இருந்திருந்தால் பாதிப் பேர் நின்றிருப்பார்கள். பாடசாலைகளுக்கும் இதில் பங்குண்டு. சித்தி வீதம் விழுந்துவிடும் என்று பயந்து, பத்தாம் தரத்தில் பலவீனமான பிள்ளையின் தாயைக் கூப்பிட்டு "இவனை வேறு இடத்தில் சேர்த்துப் பாருங்கள்" என்று விடுகைப் பத்திரத்தைக் கையில் கொடுப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேறு இடம் ஒன்றும் இருக்காது. கடதாசியில் பார்த்தால் அந்தப் பிள்ளை இடைவிலகவில்லை, மாறிப்போயிருக்கிறது.

எழுதிய பிள்ளைகளும் தப்புவதில்லை. பரீட்சைக்கும் முடிவுக்கும் இடையில் சும்மா இருக்கும் மாதங்கள் கொழும்பில் ஆபத்தானவை, சும்மா இருக்காமல் கடைக்குப் போவார்கள், சம்பளம் பார்த்த பையன் திரும்பி வருவது கஷ்டம். 2021க்கான ஓ.எல். 2022 மே மாதம் நடந்து முடிவு நவம்பரில் வந்தது, அந்த ஆறு மாதத்தில் போன பையன்கள் பலரை நான் இன்னும் மெயின் வீதியில் பார்க்கிறேன், மரியாதையாக "சேர்" என்பார்கள். 2024இல் முடிவு வரும் முன்பே ஏ.எல். வகுப்புகளைத் தொடங்கினார்கள். நல்ல வேலை, அதைத் தொடர வேண்டும்.

வீடு மாறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் வசதி குறைந்த குடியிருப்புகளில் 68 ஆயிரத்துக்கு மேல் குடும்பங்கள் இருப்பதாக நகர அபிவிருத்தி அதிகார சபை கணக்கிட்டது, அவர்களை மாடித் தொகுதிகளுக்கு மாற்றும் வேலை 2010க்குப் பிறகு வேகமாக நடந்தது. கக்கூஸும் தண்ணியும் வீட்டுக்குள் வந்தது, அதைக் குறைவாக எடைபோட வேண்டாம், பொம்பிளைப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் பாடசாலை பழைய இடத்தில், வீடு மட்டக்குளியிலோ முகத்துவாரத்திலோ. இடைத்தரத்தில் பக்கத்துப் பாடசாலைக்கு மாற்ற இடம் கிடைக்காது, தினமும் இரண்டு பஸ். அரசாங்க இ.போ.ச. பஸ்ஸில் மாணவர் சீசன் டிக்கெட் உண்டு, பாடசாலைப் பிள்ளைகளுக்கான சிசு செரிய பஸ்ஸும் உண்டு, தனியார் பஸ்ஸில் அந்தச் சீசன் செல்லாது, நம் பாதைகளில் எது அடிக்கடி வருகிறது என்று உங்களுக்கே தெரியும். மழை பெய்தால் லீவு, காசில்லாவிட்டால் லீவு, லீவு கூடக் கூட விளங்காதது கூடும், விளங்காதது கூடக் கூட லீவு.

போதைப்பொருள்தான் காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்வார்கள். ஐஸ், தூள் இந்தப் பகுதிகளில் இல்லை என்று நான் சொல்லவில்லை, எந்தச் சந்தில் என்று பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் நான் பார்த்த வரிசை வேறு, முதலில் பாடசாலை நிற்கும், பகல் முழுக்க தெருவில் நிற்க நேரம் கிடைக்கும், பிறகுதான் மற்றது. பாடசாலை வாசலில் பையைச் சோதிப்பதால் வாசலுக்கே வராதவனை என்ன செய்ய முடியும்? ஏற்கனவே பழகிவிட்ட பிள்ளை என்றால் பொலிசுக்கு ஓடாமல் 1927க்கு எடுங்கள், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம்.

பொம்பிளைப் பிள்ளைகள் ஒப்பிட்டால் குறைவாகவே விலகுகிறார்கள், நாடு முழுக்க அப்படித்தான், ஏ.எல். வகுப்பிலும் அவர்கள்தான் கூட. ஆனால் விலகும்போது சத்தமே இருக்காது. அம்மா குவைத்துக்கோ கட்டாருக்கோ போய்விட்டால் மூத்த மகள் சமையலுக்கு, தம்பியைப் பார்க்க. ஒரு பையனோடு கதைத்தாள் என்று தெரிந்தால் அடுத்த நாளே பாடசாலையை நிறுத்தி வீட்டுக்குள் வைப்பார்கள், அந்த நிறுத்தம்தான் பல பிள்ளைகளைப் பதினாறு வயதில் ஓடிப்போக வைக்கிறது. பெற்றோர் எதைத் தடுக்க நினைத்தார்களோ அது நடந்துவிடும்.

சிங்கள மொழிமூலத்தில் சேர்த்த தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு, எதிர்காலத்துக்கு நல்லது என்று நினைத்துச் சேர்ப்பார்கள். ஆரம்ப வகுப்புகளில் சிக்கல் தெரியாது, ஆறாம் ஏழாம் தரத்தில் வீட்டில் உதவ ஒருவரும் இல்லாமல் சிக்கிக்கொள்வார்கள். வீட்டில் சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் யோசித்துச் செய்யுங்கள் என்பதோடு நிறுத்துகிறேன்.

தடுக்க என்ன நடக்கிறது? சட்டம் இருக்கிறது. 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வரை கட்டாயக் கல்வி, 2016இல் அது 16 வரை நீட்டப்பட்டது. வேலைக்கு வைக்கும் ஆகக்குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆனது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலர், நன்னடத்தை அலுவலர் என்று ஆட்கள் இருக்கிறார்கள், வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விப் பிரிவு இருக்கிறது. ஆரம்பப் பிரிவுக்கு மதிய உணவு, அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 2025 பாடசாலை ஆண்டுக்கு எழுதுபொருள் வாங்க 6,000 ரூபா. நல்லது. ஆனால் கவனித்தீர்களா, சாப்பாடு ஐந்தாம் தரத்தோடு நின்றுவிடுகிறது. பிள்ளை விலகும் வயது அதற்குப் பிறகு, பசியும் கூடுவது அப்போதுதான். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று 2022இல் தொடங்கினார்கள், பள்ளியை முடித்தால்தான் அந்தக் காசு. இங்கும் மேல் வகுப்புப் பிள்ளைக்கு என்று தனியாக ஒரு உதவி வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

என் கணக்கில் ஆகப் பெரிய பலன் தருவது மிகச் சின்ன வேலை, வரவு இடாப்பைப் பார்ப்பது. ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் மூன்றாம் நாள் பின்னேரம் யாராவது அந்த வீட்டுக்குப் போக வேண்டும், போன் அடித்தாலும் சரி. மூன்றாம் நாள் போனால் காரணம் சப்பாத்தாக இருக்கும், காய்ச்சலாக இருக்கும், ஒரு சேர் அடித்ததாக இருக்கும். ஒரு மாதம் கழித்துப் போனால் வேலையாக இருக்கும். பல பாடசாலைகளில் போன பிள்ளையின் பேர் மாதக்கணக்கில் இடாப்பில் கிடக்கும், வெட்டினால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் குறையும். பிள்ளையை இப்படி நேரத்தோடு கவனிப்பதை அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் முறையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் பின்தங்காமல் இருந்த பிள்ளைகள், பின்தங்கியவர்களை விட மூன்றரை மடங்கு கூடுதலாகப் படிப்பை முடிக்கிறார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள், அந்த ஒரு வருஷம் பிள்ளையின் வறுமையை விட, பழைய புள்ளிகளை விட நன்றாக எதிர்காலத்தைச் சொன்னது. அதன் பிறகு அங்கே பாடசாலைகள் வருகையையும் புள்ளியையும் அந்த வயதில் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கத் தொடங்கின, முடித்து வெளியேறுவோர் தொகையும் ஏறியது. கணினி, மென்பொருள் எல்லாம் பிறகு, நமக்கு ஒரு கொப்பியும் ஒரு பொறுப்பான வகுப்பாசிரியரும் போதும்.

அடுத்தது வாசிப்பும் அடிப்படைக் கணக்கும். மும்பைச் சேரிகளில் 1995இல் தொடங்கிய பிரதம் அமைப்பு செய்தது எளிமையான வேலை, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து, தெரிந்த அளவின்படி குழு பிரித்து, தினம் கொஞ்ச நேரம் அதை மட்டும் கற்பிப்பது. பல இடங்களில் ஒழுங்காகப் பரீட்சித்துப் பார்க்கப்பட்ட முறை. பின்னேர வகுப்பில் நாங்களும் இதைத்தான் செய்கிறோம், எட்டாம் தரத்துப் பையனுக்கு மூன்றாம் தரத்துக் கணக்கு. ஒரே ஒரு கவனம், அவன் கூட்டாளிகள் முன்னால் செய்யக் கூடாது. கொழும்பு மாநகர சபையின் வாசிகசாலைகள், கோயில் மண்டபம், பள்ளிவாசல், தேவாலயம் எதுவானாலும் சரி, மாடி வீட்டில் ஏழு பேருக்கு நடுவில் படிக்க முடியாத பிள்ளைக்கு வெளிச்சமும் மேசையும் உள்ள ஒரு இடமே பாதி உதவி.

2017இல் 13 வருடக் கல்வி உத்தரவாதம் என்று ஒரு திட்டம் வந்தது, ஓ.எல். முடிவு எப்படி இருந்தாலும் தொழில் பாடங்களோடு பன்னிரண்டு, பதின்மூன்று படிக்கலாம். நல்ல யோசனை, ஆனால் எல்லாப் பாடசாலையிலும் இல்லை, தமிழில் உள்ள பாடசாலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இதே குறை, பாடநெறி இருக்கும், சிங்களத்தில் இருக்கும்.

இனி உங்கள் மருமகன்.

முதலில் அடியை நிறுத்தச் சொல்லுங்கள். அக்காவுக்குச் சொல்வது கஷ்டம், தம்பி நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிறகு அவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு, எப்போது போகிறாய் என்று கேட்காமல் கடையில் என்ன பழகினாய் என்று கேளுங்கள். மாமாவிடம் சொல்வான். கதை ஓடத் தொடங்கியதும் பாடசாலையில் கடைசியாக என்ன நடந்தது என்று கேளுங்கள், ஒரு குறிப்பிட்ட நாள் இருக்கும், ஒரு குறிப்பிட்ட ஆள் இருப்பார். அடித்திருந்தால், 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கைப்படியே பாடசாலையில் உடல் தண்டனை கூடாது, அதிபரிடம் அமைதியாக அதைச் சொல்லலாம். அதிபர் கேட்காவிட்டால் வலயக் கல்வி அலுவலகம், அதற்கும் மேல் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929.

அதிபரிடம் அக்காவைத் தனியாக அனுப்ப வேண்டாம், நீங்களும் போங்கள். இரண்டு கிழமைதான் என்பதால் அவன் பேர் இடாப்பில் இருக்கும், புதிதாகச் சேர்க்கத் தேவையில்லை. விடுகைப் பத்திரம் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள். திரும்பிப் போகும் முதல் நாள் காலைக் கூட்டத்தில் நிற்க வைத்துப் பேசக் கூடாது என்பதை அதிபரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள், இது சின்ன விஷயமாகத் தெரியும், இதில்தான் பலர் இரண்டாம் தடவை போகிறார்கள். விட்ட பாடத்துக்கு ஒரு ஆளைப் பிடியுங்கள், எல்லாப் பாடமும் வேண்டாம், கணிதமும் தமிழும் போதும். கண்ணையும் ஒருக்கா பரிசோதியுங்கள்.

கடை முதலாளியையும் போய்ப் பாருங்கள், சண்டைக்கு இல்லை. பதினாறு வயதுக்குக் குறைந்தவனை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்று அவருக்கும் தெரியும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, "ஓ.எல். எழுதட்டும், பிறகு நீங்களே எடுங்கள்" என்று கேளுங்கள். போன் திருத்தும் வேலைக்கே என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு, தொழிற்பயிற்சி அதிகார சபையில் விசாரிக்கலாம், பையனுக்கு அதைக் காட்டினால் படிப்பும் அவன் விருப்பமும் ஒரே பக்கம் வந்துவிடும். வீட்டில் அவன் கொண்டுவரும் காசு உண்மையாகவே தேவைப்படுகிறதா என்று அக்காவிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். தேவை என்றால் அந்த ஓட்டையை அடைக்காமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை, அஸ்வெசும விண்ணப்பம் போட்டார்களா, மேன்முறையீடு செய்தார்களா என்று பாருங்கள், கொஞ்ச காலத்துக்குக் குடும்பத்தில் யார் எவ்வளவு கொடுக்கலாம் என்று உட்கார்ந்து பேசுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். பதினைந்து வயதானதும் அடையாள அட்டைக்குப் பாடசாலை மூலம் விண்ணப்பிக்க வேண்டும், ஓ.எல்.லுக்கு அது தேவை. பேரில் ஒரு எழுத்துப் பிழை, தகப்பன் பேர் இல்லை, பதிவே இல்லை என்று கடைசி நேரத்தில் நிற்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. பிழை இருந்தால் இந்தக் கிழமையே பிரதேச செயலகத்துக்குப் போங்கள், திருத்தி வர மாதங்கள் எடுக்கும்.

எல்லாம் செய்தும் வரமாட்டேன் என்றால் வாசல் முழுசாக மூடவில்லை. தனியார் பரீட்சார்த்தியாக ஓ.எல். எழுதலாம், மகரகமையில் தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலை இருக்கிறது. ஆனால் ஒன்பதாம் தரத்தில் இரண்டு கிழமை என்பது திருப்பக்கூடிய காலம், திங்கட்கிழமையே அதிபரிடம் போங்கள். போய் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள், அடுத்ததைப் பார்ப்போம்.